கருங்குதிரையும் தராசும்: விவிலியத்திற் பஞ்சத்தின் விலை

விவிலியத்திற் பஞ்சம் பேசப்படும் இடங்களை இறைத்தண்டனையாகவோ உலகமுடிவின் முன்னறிகுறியாகவோ மட்டும் கொள்ளும் வழக்கம் இன்றும் வலுவாகவே உள்ளது. அவ்வாறு கொள்ளுமிடத்துப் பஞ்சத்துக்குப் பொறுப்பான மனிதர் எவரும் எஞ்சுவதில்லை. மூலநூல் அவர்களை அவ்வளவு எளிதில் விடுவிப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்திலே மூன்றாம் முத்திரை உடைக்கப்பட்டதும் கருங்குதிரை தோன்றுகின்றது. அதன்மீது இருப்பவன் கையில் உள்ளது வாளன்று, தராசு. தொடர்ந்து எழுவது விலை கூறும் குரல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு தெனாரியத்தைப் ‘பணம்’ என்றும், கொய்னிக்ஸ் என்னும் கிரேக்க அளவைப் ‘படி’ என்றும் தருகின்றது. இதனால் தமிழ் வாசகர் இழப்பது சிறிதன்று. மத்தேயு 20இல் தெனாரியம் திராட்சைத் தோட்டக் கூலியாளின் ஒருநாட் கூலி. கொய்னிக்ஸ் ஏறத்தாழ ஒரு லீற்றர், ஒருவனுக்கு ஒருநாளைக்குப் போதுமான தானியம். நாள் முழுதும் உழைப்பவன் தனக்கு மட்டுமே கோதுமை வாங்கலாம். மனைவி மக்களும் உண்ணவேண்டின் அதே கூலிக்கு மும்மடங்கு கிடைக்கும் வாற்கோதுமைக்கு இறங்கவேண்டும். சந்தையில் தானியம் உண்டு. உழைப்பவன் கைக்குத்தான் அது எட்டவில்லை.

இவ்விலையை வெறுங் கற்பனை என்று தள்ளிவிடலாகாது. பெரும்பாலான ஆய்வாளர் இந்நூலை டொமிஷியன் காலத்ததாகக் கொள்வர். அதே காலத்தில், கி.பி. 92-93 அளவில், சின்னாசியாவின் பிசிதிய அந்தியோகியாவிலே கடுங்குளிரால் தானிய விலை ஏறியபோது உரோம ஆளுநர் அந்திஸ்தியஸ் ருஸ்திக்கஸ் பிறப்பித்த கட்டளை கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. முன்னர் 8 அல்லது 9 அஸ், அதாவது ஏறத்தாழ அரைத் தெனாரியம், விற்ற ஒரு மோதியஸ் தானியத்தை ஒரு தெனாரியத்துக்கு மேல் விற்கலாகாது என்றும், விதைக்கும் வீட்டுக்கும் போக எஞ்சியதை விற்றேயாக வேண்டும் என்றும் அது பணிக்கின்றது. தம் ஊரவரின் பசி ஒருவருக்கு ஆதாயமாவது பெரும் அநீதி என்ற கருத்தும் அதிலுண்டு. மோதியஸ் ஏறத்தாழ 8 கொய்னிக்ஸ் கொண்டது. எனவே யோவான் கூறும் கோதுமை விலை அப்பஞ்சகால உச்சவிலையின் எட்டு மடங்காகும்.

எண்ணெயும் திராட்சரசமும் சேதமுறாமல் விடப்படுவது ஏன்? ஒலிவமும் திராட்சையும் ஆழ வேரோடுவன, ஆதலின் மட்டான வறட்சியே இங்கு குறிக்கப்படுகின்றது என்பர் சிலர். மாகாணங்களின் திராட்சைக் கொடிகளிற் பாதியை வெட்டுமாறு டொமிஷியன் இட்டு நிறைவேற்றாது விட்ட ஆணையைச் சுவெற்றோனியஸ் குறிப்பிடுகிறார். 1901இல் சாலமோன் றைனாக் அதனை இவ்வாக்கியத்தோடு இணைத்தார். அவ்விணைப்பு நிறுவப்பட்டதன்று. எனினும், திராட்சை பெருகித் தானியம் குன்றியது என்ற குறை அக்காலத்தில் அரசவைவரை சென்றது என்பதற்கு அவ்வாணை சான்று.

இதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட ஆமோஸின் நூலிலும் தராசு வருகின்றது. அளவையைச் சிறிதாக்கி, நிறையைப் பெரிதாக்கி, கள்ளத் தராசால் ஏழைகளுக்குப் பதர் விற்கும் வணிகரை எட்டாம் அதிகாரம் காட்டுகின்றது. அவ்வதிகாரத்திலேதான் இறைவாக்கைக் கேட்கக் கிடைக்காத பஞ்சமும் கூறப்படுகின்றது. அப்பஞ்சத்தை ஆன்மிக வறட்சி என மேடைதோறும் எடுத்தாள்வோர் அதற்கு ஆறு வசனங்கள் முன்னே நிற்கும் வணிகரைத் தொடாமலே கடந்துவிடுகின்றனர்.