14 வரிகளும் கேட்கப்படாத மூன்று கேள்விகளும்

அக்கா மகள் பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் அவளுடைய டேட்டாபேஸ் லேப் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். முதல் எக்ஸ்பெரிமென்ட்டே எம்ப், டெப்ட் என்ற இரண்டு டேபிள்தான். சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ரெக்கார்டிலும் இதே கிங், இதே பிளேக், இதே ஸ்காட்.

தெரியாதவர்களுக்காக: இது ஆரக்கிள் டேட்டாபேஸோடு வந்த மாதிரி டேபிள். யூசர் பெயர் ஸ்காட், பாஸ்வேர்டு டைகர். ஆரக்கிளின் ஆரம்பகால இன்ஜினியர் புரூஸ் ஸ்காட்டின் பெயர் அது. டைகர் என்பது பூனை. எம்ப்பில் 14 ஊழியர்கள், டெப்ட்டில் 4 துறைகள். அவ்வளவுதான்.

"பழசு, தூக்கிப் போடுங்க" என்று சொல்ல வரவில்லை. உண்மையில் இது நல்ல டேபிள். 14 வரிதான் என்பதால் எந்த விடையையும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். என் புகார், அப்படி யாரும் எண்ணச் சொல்வதில்லை என்பதுதான். ரெக்கார்டில் இருப்பது கமாண்டு, அதன் கீழே அவுட்புட், அதன் கீழே "ரிசல்ட் வெரிஃபைடு" என்ற ஒரு வரி. யார் வெரிஃபை செய்தது? எப்படி?

இந்த 14 வரிக்குள் ஒளிந்திருக்கும் மூன்று கேள்விகளைப் பார்க்கலாம்.

முதல் கேள்வி கம்மிஷன் பற்றியது. நான்கு பேருக்குத்தான் அதில் மதிப்பு உண்டு: ஆலன் 300, வார்ட் 500, மார்ட்டின் 1400, டர்னர் 0. மற்ற 10 பேருக்கு 'நல்', அதாவது ஒன்றுமே எழுதப்படாத வெற்றிடம். சராசரி கேட்டால் எஸ்க்யூஎல் 550 என்கிறது. 2200ஐ 4ஆல் வகுத்த விடை. 14ஆல் வகுத்தால் 157 சொச்சம்தான் வரும். எது சரி? விற்பனையாளர் ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்டால் 550. கம்பெனியில் தலைக்கு எவ்வளவு என்று கேட்டால் 157. டர்னருக்குச் சுழியம் என்றால் கம்மிஷன் உண்டு, ஆனால் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. கிங்குக்கு 'நல்' என்றால் கம்மிஷன் என்ற பேச்சே இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி டேட்டாபேஸ் புரிந்த மாதிரி. ரெக்கார்டில் 550 மட்டும் இருக்கிறது.

இரண்டாவது: யாருக்கும் மேலாளராக இல்லாதவர்கள் யார்? மேலாளர் எண்களின் பட்டியலை எடுத்து, அதில் 'நாட் இன்' என்று எழுதுவோம். கையால் எண்ணினால் 8 பேர். எஸ்க்யூஎல் ஒருவரையும் தராது! காரணம் கிங். அவருக்கு மேலே யாரும் இல்லாததால் அவருடைய மேலாளர் எண் 'நல்'. அந்த ஒரு வெற்றிடம் பட்டியலுக்குள் வந்தவுடன், "ஸ்மித் இந்தப் பட்டியலில் இல்லை" என்று எஸ்க்யூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது. "தெரியாது" என்கிறது. தெரியாது என்றால் வரி வெளியே வராது. எரர் எதுவும் வராது.

இதை நான் கல்லூரியில் கற்கவில்லை, வேலையில் கற்றேன். அனுப்பிய ஆர்டர்களில் பில் போடாதவை எவை என்று ஒரு ரிப்போர்ட் எழுதியிருந்தேன். முன்பணம் வாங்கிய சில பில்களில் ஆர்டர் எண் காலியாக இருந்தது. ரிப்போர்ட் வாராவாரம் காலியாகவே வந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம், பாக்கி எதுவும் இல்லை என்று. கணக்குப் பிரிவில் ஒரு அம்மா பழைய ஃபைலைக் கையால் சரிபார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வியர்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிங் என்ற அந்த ஒரு வரியை லேபிலேயே காட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

மூன்றாவது, டிசைன். இங்கேதான் பாடம் ரொம்பச் சறுக்குகிறது. நார்மலைசேஷன் வந்தவுடன் கிங்கும் பிளேக்கும் காணாமல் போய், ஏ, பி, சி, டி வந்துவிடுகிறார்கள். "ஏ தெரிந்தால் பி தெரியும்" என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மாணவர் அதை வைத்துக் கணக்குப் போடுகிறார், மார்க்கும் வருகிறது. அந்த அம்புக்குறி எங்கிருந்து வந்தது? டிசைன் என்பதே அதைக் கண்டுபிடிப்பதுதானே!

எம்ப்பிலேயே பாருங்கள். 3000 வாங்கும் ஸ்காட், ஃபோர்டு இருவரும் அனலிஸ்ட். 1250 வாங்கும் வார்ட், மார்ட்டின் இருவரும் விற்பனையாளர். மற்ற சம்பளம் எதுவும் இரண்டு பேருக்கு வரவில்லை. ஆக, இந்த 14 வரியைப் பொறுத்தவரை சம்பளம் தெரிந்தால் பதவி தெரியும். இதை விதியாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. நாளைக்கே 1250 சம்பளத்தில் ஒரு கிளார்க் சேரலாம். டேட்டா ஒரு விதியைப் பொய் என்று காட்டலாம், மெய் என்று நிரூபிக்க முடியாது. விதி அந்த நிறுவனத்தில் இருக்கிறது. போய்க் கேட்டால்தான் தெரியும்.

எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையிலும் உதாரணம் ஊழியர்தான். ஆனால் அதில் வேலை வரலாறு, சம்பள வரலாறு, குழந்தைகள் எல்லாம் உண்டு. அவற்றைத் தனித்தனி டேபிளாகப் பிரிப்பதைத்தான் அங்கே அவர் நார்மலைசேஷன் என்று காட்டினார். நம் எம்ப்பில் சம்பளத்துக்கு ஒரே ஒரு கட்டம். உயர்வு கொடுத்தால் பழைய சம்பளம் எங்கே போகும்? அழிந்துபோகும். அது சரியா என்று ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம்.

அறுபது ரெக்கார்டில் கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிலபஸ் ஓட்டத்தில் அவருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். கமாண்டு எழுதும் முன்பு, கேள்வியைச் சொந்த வார்த்தையில் எழுதி, எத்தனை வரி வரும் என்று கையால் எண்ணி எழுதச் சொல்லுங்கள். அதற்குப் புது சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

அக்கா மகளை அப்படி எண்ணச் சொன்னேன். 8 என்றாள். கம்ப்யூட்டர் ஒன்றும் தரவில்லை. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இது தப்பா சொல்லுதா, நான் தப்பா கேட்டேனா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ரெக்கார்டில் இடம் இல்லை. அதுதான் என் வருத்தம்.