எதிராளி மறுக்க முடியாத சாட்சிகள்

வாதத்தில் முன்னோரைத் துணைக்கு அழைப்பது எவருக்கும் கைவரும். யாரை அழைப்பது, யாரை விடுவது என்று தேர்வதில்தான் கலை இருக்கிறது. அந்தக் கலையில் எனக்கு ஈடற்றதாகத் தோன்றும் நூல், சிரியாவின் சிர்ரஸ் நகர ஆயர் தியடோரெட் 447 வாக்கில் எழுதிய ‘எரானிஸ்தெஸ்’.

கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலந்து ஒரே இயல்பாயினவா, கலவாமல் ஒன்றுபட்டனவா என்பதே அன்றைய பூசல். தியடோரெட் தம் தரப்பினர் ஒருவரையும் எதிர்த்தரப்பினர் ஒருவரையும் பேசவிடுகிறார். மூன்று உரையாடல்கள்: இறைமகன் மாறாதவர், இரு இயல்புகளும் கலவாதவை, இறைத்தன்மை துன்பத்துக்கு ஆட்படாதது. முதலில் கேள்வியும் மறுமொழியுமாகத் தர்க்கம். அதன்பின் திருச்சபைத் தந்தையரின் சாட்சியங்கள். மொத்தம் 200-க்கும் மேற்பட்ட பகுதிகள்! இரத்தசாட்சி இஞ்ஞாசியார், இரனேயு, அத்தனாசியார், மேற்கிலிருந்து மிலான் ஆயர் அம்புரோசியார் எனக் காலமும் ஊரும் மாறிக்கொண்டே போக, நம்பிக்கை மட்டும் மாறாமல் நிற்கிறது. எந்தத் தனி மேற்கோளுக்கும் இல்லாத வலிமை இந்த வரிசைக்கு உண்டு.

அதைவிட என்னைக் கவர்வது அவர் விட்டுவிட்ட பெயர்கள். தார்சு நகர தியோதோரும் மொப்சுவெஸ்தியா தியடோரும் அவர் போற்றிய அந்தியோக்கியப் பேராசான்கள். எதிர்த்தரப்புக்கோ அவர்கள்மேல் பகை. அந்தப் பகையைக் கண்டே அவர்களை அழைக்கவில்லை என்று நூலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் எதிராளி தலைவணங்கும் அலெக்சாந்திரியா சிரிலை, தாமே ஒரு காலத்தில் மறுப்பு எழுதி எதிர்த்த அதே சிரிலை, சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். திருச்சபை கண்டித்த அப்பொலினாரியின் வரிகள்கூட வருகின்றன: அவரே இவ்வளவு தூரம் ஒப்புக்கொள்ளும்போது நீர் ஏன் மறுக்கிறீர் என்று கேட்பதற்காக.

449-இல் எபேசில் கூடிய சங்கம் தியடோரெட்டைப் பதவியிறக்கியது. 451-இல் கல்கெதோன் சங்கம் அவரை மீண்டும் ஏற்றது. கிறிஸ்துவின் இரு இயல்புகளும் கலவாமலும் மாறாமலும் உள்ளன என்று அறிக்கையிட்டது. அவருடைய முதலிரு உரையாடல்கள் வாதாடியதும் அதற்காகவே.

அந்தியோக்கியா எவுஸ்தாத்தியு போன்றோரின் தொலைந்துபோன நூல்களிலிருந்து பல பகுதிகள் இந்நூலில் தப்பியிருப்பதால் ஆய்வாளர்கள் இதை மதிக்கிறார்கள். நான் மதிப்பது அதன் தன்னடக்கத்தை. தம் ஆசான்களின் புகழைப் பாடாமல், எதிரே இருப்பவர் நம்பும் குரல்களைத் தேடிச் செல்பவரே அவரைத் தம் பக்கம் அழைக்கும் தகுதியைப் பெறுகிறார்.