மயிற்கொன்றையின் பக்கத்தில் எழுதியிருந்தது

இயற்கையைப் பற்றிய கட்டுரை எதுவானாலும் நம் இதழ்களில் அதற்குப் போடப்படும் படம் பெரும்பாலும் ஒரு பெண்தான். அவள் கூந்தல் காடாக விரிந்திருக்கும். வயிறு பூமியாக உருண்டிருக்கும். கண்ணிலிருந்து வழியும் நீர் ஆறாக ஓடும். மரம் வெட்டப்படும் செய்தி என்றால் அவள் கை வெட்டப்பட்டிருக்கும். கல்லூரிகளில் சுற்றுச்சூழல் நாளுக்கு மாணவிகள் வரையும் சுவரொட்டிகளிலும் இவளே வருகிறாள். பார்த்த உடனே புரிகிற படம் என்பதால் இதழாசிரியர்களுக்கும் இது வசதியாக இருக்கிறது.

என்ன புரிகிறது என்று சற்று நின்று கேட்கலாம். இயற்கை ஒரு தாய். தாய் என்பவள் தருபவள். தருவதை அவள் ஒருபோதும் நிறுத்த மாட்டாள். துன்புறுத்தினால் அழுவாள், பேச மாட்டாள். இந்தப் படம் காட்டுக்கும் நியாயம் செய்யவில்லை, பெண்ணுக்கும் நியாயம் செய்யவில்லை. விறகு சுமக்கிறவள், விதை எடுத்து வைக்கிறவள், எந்த இலை எதற்கு ஆகும் என்று தெரிந்தவள் ஆகிய எல்லாரும் படத்திலிருந்து காணாமல் போகிறார்கள். அறிந்தவளையே அறியப்படும் பொருளாக்கிவிடுகிறது இந்தச் சித்திரம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தாளை வெட்டி ஒட்டும் கொலாஜும், மை தடவிப் பதிக்கும் அச்சோவியமும் இயற்கையைக் காட்டப் பெண்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறைகள். அவை 'பொழுதுபோக்கு', 'கைவேலை' என்று ஓவிய வரலாற்றின் திண்ணையிலேயே உட்கார வைக்கப்பட்டவை. கட்டுரைக்குப் படம் உருவாக்குகிற இன்றைய ஓவியர்கள் அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு செடியை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அந்தச் செடி மயிற்கொன்றை. சாலையோரத்து உயரமான குல்மோஹர் மரத்தைச் சொல்லவில்லை. வீட்டு வேலியிலும் கல்லூரி வளாகத்திலும் ஆளுயரத்துக்குச் சற்று மேல் வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, நீண்ட மகரந்தக் கம்பிகளை வெளியே நீட்டி நிற்குமே, அந்தப் புதர்ச்செடி. சங்கப் பாடல்களின் கொன்றை வேறு. இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. நம் திணைகள் எதிலும் இதற்கு இடமில்லை.

மரியா சிபில்லா மேரியன் 1647இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். கணவரைப் பிரிந்த பிறகு, தன் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, 1699இல், 52 வயதில், இளைய மகளோடு சூரினாமுக்குக் கப்பலேறினார். அன்று அது டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டக் குடியேற்றம். நோய்வாய்ப்பட்டு 1701இல் திரும்பி, 1705இல் ஆம்ஸ்டர்டாமில் சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அதில் 60 செப்புத்தகட்டுப் படங்கள் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அவர் எழுதிய குறிப்பு. புழுவையும் கூட்டுப்புழுவையும் பூச்சியையும் அவை உண்ணும் செடியோடு ஒரே பக்கத்தில் வைத்தது அவருடைய முறை.

45ஆம் படம் மயிற்கொன்றை. பூவும் மொட்டும் காயும், இலையைத் தின்னும் புழுவும், அந்துப்பூச்சியும் அழகாக இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் எழுதியிருப்பது வேறு விதமானது. டச்சு எசமானர்களிடம் வதைபடும் பூர்வகுடிப் பெண்கள் தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்று இச்செடியின் விதைகளைக் கொண்டு கருவைக் கலைக்கிறார்கள் என்று அவர் குறிக்கிறார். கினியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பெண்களும் தங்களை ஒழுங்காக நடத்தாவிட்டால் பிள்ளை பெற மாட்டோம் என்கிறார்கள். சிலர் உயிரையே விடுகிறார்கள், சொந்த மண்ணில் விடுதலையோடு மறுபடி பிறப்போம் என்று நம்புகிறார்கள். இதை அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாக மேரியன் எழுதுகிறார்.

'இயற்கை அன்னை' படத்தால் தாங்க முடியாத செய்தி இது. இங்கே ஒரு செடி, தாயாக மறுத்த பெண்களின் பக்கம் நிற்கிறது. அடிமையின் கருப்பை எசமானனின் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக இருந்த இடத்தில், அந்தக் கணக்கைப் பொய்யாக்கிய அறிவு அது.

அந்த அறிவுக்கு என்ன நேர்ந்தது? வரலாற்றறிஞர் லோண்டா ஷீபிங்கர் 2004இல் வெளியான தன் நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அழகுச்செடியாகப் போனது. அதைப் பற்றி அப்பெண்களுக்குத் தெரிந்திருந்தது கூடவே போகவில்லை. படத்துக்கும் இதே கதிதான். மேரியனின் பூக்கள் இன்று சுவர்ப்படங்களாகவும் வாழ்த்து அட்டைகளாகவும் விற்கின்றன. எதிர்ப்பக்கத்து எழுத்து அவற்றோடு வருவதில்லை. மேரியனையும் நாம் கேள்வி கேட்டாக வேண்டும். அவருக்காகக் காட்டுக்குள் வழி வெட்டியவர்களும் புழுக்களைக் கொண்டுவந்தவர்களும் அடிமைகள். திரும்பும்போது ஒரு பூர்வகுடிப் பெண்ணையும் அவர் கப்பலில் அழைத்து வந்தார். நூலின் அட்டையில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

ஒரு கட்டுரைக்குப் படம் போடுகிறவருக்கு இதில் பாடம் இருக்கிறது. படம் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியே ஊர் சுற்றக் கூடியது. ஆகவே கட்டுரையின் கசப்பான வாக்கியத்தைப் படம் தன் உடம்பிலேயே சுமந்தாக வேண்டும். கொலாஜும் அச்சும் இதற்கு எப்படி உதவும் என்று காட்ட இன்னும் இருவர் இருக்கிறார்கள்.

மேரி டெலானி இங்கிலாந்தில் 1700இல் பிறந்தார். 17 வயதில், ஏறத்தாழ 60 வயதான ஒருவருக்குக் குடும்பத்தாரின் வற்புறுத்தலால் மணமுடிக்கப்பட்டவர். முதல் கணவர் இறந்து நெடுநாள் கழித்துச் செய்துகொண்ட இரண்டாம் மணம் விருப்பமானது; அந்தக் கணவரும் 1768இல் இறந்தார். 1772இல், 72ஆம் வயதில், நிறத்தாள்களை வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில், கண்பார்வை மங்கும் வரை, 985 செய்தார். அவை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் வரை வெட்டியிருக்கிறார். சில இடங்களில் உண்மையான இலையையே ஒட்டியிருக்கிறார். பின்னணி முழுக் கறுப்பு. அதில் மலையும் இல்லை, வானமும் இல்லை, சாய்ந்து நிற்கும் அழகியும் இல்லை. பூவின் பெயர், செய்த நாள், இடம், பூவைத் தந்தவர் என்று விவரங்களைக் குறித்து வைத்தார். துண்டுகளின் விளிம்பை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இதழும் ஒரு முடிவின்படி வெட்டப்பட்டது தெரியும். செய்த கை தெரிகிற படம் அது.

அன்னா அட்கின்ஸ் செய்தது வேறு. வில்லியம் ஹார்வி 1841இல் பிரிட்டிஷ் கடற்பாசிகள் பற்றி எழுதிய கையேட்டில் படங்கள் இல்லை. அந்த எழுத்துக்குத் துணையாக அட்கின்ஸ் படம் செய்தார். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்திருந்த சயனோடைப் முறையில், ரசாயனம் பூசிய தாளின் மேல் பாசியையே வைத்து வெயிலில் காட்டினார். பாசி மறைத்த இடம் வெள்ளையாக நின்றது. மற்ற இடம் நீலமானது. 1843இல் முதல் பகுதி வந்தது. பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தார். தன் பெயரை 'ஏ.ஏ.' என்று மட்டும் போட்டார். பின்னாளில் ஒருவர் அதை 'பெயரறியாத அமெச்சூர்' என்று விரித்துக்கொண்டார். அவர் தந்த படத்தில் பாசியைப் பற்றிய கருத்து குறைவு. பாசியின் தொடுகை இருக்கிறது.

வெட்டுத் தெரிவது, தொட்ட தடம் தெரிவது. கொலாஜிலிருந்தும் அச்சிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இந்த இரண்டையும்தான். தொல்காப்பியம் உள்ளுறை உவமத்துக்குத் தெய்வத்தை விலக்கிய கருப்பொருளை நிலமாகக் கொள்ளச் சொல்கிறது. பூவும் பறவையும் விலங்கும் தம் போக்கில் இருக்கும். சொல்ல வந்தது அவற்றுக்குள் இருக்கும். நல்ல கட்டுரைச் சித்திரமும் அப்படித்தான் இயங்குகிறது. 'இயற்கை அன்னை' ஓவியத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. கருப்பொருளைத் துரத்திவிட்டுத் தெய்வம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மயிற்கொன்றையைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது, அதற்கு ஒரு மாணவி படம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை வரைவதல்ல, படிப்பது. எந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் கட்டுரை விழுந்துவிடுமோ அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அது பூ சிவப்பு என்ற வாக்கியம் இல்லை, விதையைப் பற்றிய வாக்கியம். ஆகவே பூவைச் சிறிதாக்கி, யாரும் வரையாத தட்டையான காயையும் விதையையும் பெரிதாக்கலாம். தீப்பெட்டி அளவில் ஏழெட்டுக் குறும்படங்கள் போட்டுப் பார்த்தால் எது எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும்.

பிறகு செடியிடம் போக வேண்டும். மயிற்கொன்றையின் இலை சிற்றிலைகளாகப் பிரிந்தது. ரோலரால் மெல்லிதாக மை தடவி, மேலே மெல்லிய தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் நரம்பு வரை பதியும். விதைகளை லினோவில் செதுக்கலாம். லினோவில் செதுக்குவது இடம் வலம் மாறித்தான் அச்சாகும். எழுத்தைச் சேர்த்தால் தலைகீழாக யோசிக்க வேண்டும். மேரியனின் நூலிலேயே சில பிரதிகள், அச்சான தாள் காயுமுன் இன்னொரு தாளை அதன்மேல் அழுத்தி எடுத்த மறுபதிவுகள். அவற்றில் கோடு மெலிந்திருக்கும், படம் மறுபடி திரும்பியிருக்கும். இன்னொருத்தி வழியாக நமக்கு வந்து சேர்ந்த செய்தியைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கத்தரிக்கோல். தோட்டக் கணக்கேட்டின் கட்டங்களைப் போலக் கோடு போட்ட தாளை வெட்டி அடியில் ஒட்டலாம். பதித்த இலை அந்தக் கட்டங்களின் மேல் படர்ந்து எண்களை மறைக்கலாம். பிறப்பு எழுதப்பட வேண்டிய வரியில் ஒரு விதை இருக்கலாம், அல்லது விதையின் வடிவத்தில் தாளை வெட்டி எடுத்த ஓட்டை இருக்கலாம். பெண் உருவமே வேண்டியதில்லை. இந்தப் படத்தை எழுத்திலிருந்து பிரித்துச் சுவரில் மாட்டினாலும் பார்க்கிறவர் கேட்பார்: பூ எதற்குக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது?

கொலாஜ் எப்போதும் பெண்ணின் பக்கம் என்று சொல்ல வரவில்லை. குடியேற்ற ஆட்சிக்காலத்துப் பழைய புகைப்படங்களில் பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் அவர்கள் சம்மதமின்றிப் பதிவாகியிருக்கின்றன. அவற்றை எடுத்து, தலையை வெட்டி, அந்த இடத்தில் பூவை ஒட்டுவது இன்று இதழ் ஓவியத்தில் ஒரு பாணி. ஒருமுறை பிடிக்கப்பட்டவளை இரண்டாம் முறை வெட்டுவதுதான் அது. அதுபோலவே, கணினி தரும் 'லினோ' தோற்றமும் 'கிழிந்த தாள்' தோற்றமும் விளிம்பை அலங்காரமாக்கிவிடுகின்றன. கணினியில் செய்வது குற்றமில்லை. எதை எதோடு ஒட்டினோம், ஏன் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால்தான் குற்றம்.

படமும் எழுத்தும் பிரியாமல் செய்யப்பட்டதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலில் கோண்ட் ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் மரங்கள் இருக்கின்றன. கையால் செய்த கறுப்புத் தாளில், நிறத்துக்கு ஒரு திரையாக, கையாலேயே திரை அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் அதைப் பற்றி அந்த ஓவியர்களின் சமூகம் அறிந்த கதை இருக்கிறது. கதை சொன்னவரும் படம் தந்தவரும் ஒருவரே. பெயரும் அட்டையில் இருக்கிறது. மேரியனின் கப்பலில் வந்த பெண்ணுக்குக் கிடைக்காதது அது.

இயற்கைக் கட்டுரைகளுக்குப் படம் கேட்கிற ஆசிரியர்கள் மூன்று விவரங்களை ஓவியரோடு சேர்ந்து யோசிக்கலாம்: செடியின் பெயர் என்ன, அதைப் பற்றி யாருக்குத் தெரிந்திருந்தது, அவர் சொன்னது படத்தில் எங்கே இருக்கிறது. கல்லூரித் தோட்டத்து மயிற்கொன்றையில் இப்போதும் காய்கள் தொங்குகின்றன. ஒரு ரோலரும் கொஞ்சம் மையும் பழைய கணக்கு நோட்டின் நாலு தாளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.