உடைந்தது ஒரு காது, மாற்றுவது முழு விளக்கு

ஆரணி ரோடு ரயில் நிலையம் இருக்கும் களம்பூரில் நெல் ஏற்றும் லோடு வண்டிகளும் டிராக்டர்களும் அதிகம். அப்படியொரு வண்டியின் முன்விளக்கை பாடியோடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காது மட்டும் உடைந்தால், அந்தக் காது தனியாகக் கிடைப்பது அரிது. முழு 'அசெம்பிளி'யைத்தான் வாங்க வேண்டும். எது தனியாக விற்கும், எது செட்டாக விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்ற முடிவுகளுக்கெல்லாம் அடிப்படை, சர்வீஸ் பாகங்களின் செலவு மதிப்பீட்டாளர் போடும் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. மூலப்பொருளின் எடை, கழிவு, மெஷின் ஓடும் நேரம், ஆள்கூலி, அச்சுச் செலவு, பேக்கிங், சப்ளையரின் லாபம் என்று வரிவரியாகப் பிரித்து, வந்த கொட்டேஷனோடு ஒப்பிடுவார். பட்டின் எடை, ஜரிகை, நெசவுக் கூலி என்று கணக்குப் பார்த்துப் பழகிய ஆரணி வட்டாரத்துக்கு இது எளிதில் புரியும். பழைய மாடல்களின் பாகம் விலை ஏறுவதற்கான உண்மையான காரணத்தையும் இந்தக் கணக்குத் தாள்தான் காட்டுகிறது. வண்டி உற்பத்தியில் இருக்கும்போது அச்சை ஒருமுறை மெஷினில் ஏற்றினால் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். மாடல் நின்றபின் அதே அச்சைத் தேடி எடுத்து, ஏற்றி, சூடாக்கி, முதலில் வரும் பீஸ்களைக் கழித்துவிட்டு, சில நூறு மட்டுமே அடிக்கிறார்கள். ஏற்றி இறக்கும் செலவு முழுவதும் அந்தச் சில நூறின் தலையில் விழுகிறது. இந்த விலையேற்றத்தைக் கொள்ளை என்று சொல்வது நியாயமல்ல.

அந்தத் தாளில் உள்ள பாகம் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும்தான் சிக்கல். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் ரூ. 2,545 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் தடுக்கப்பட்டதாகவும், பல பாகங்களின் விலை அடக்கத்துக்கு மேல் சுமார் 100 முதல் 5,000 சதவீதம் வரை ஏற்றப்பட்டதாகவும் ஆணையம் கண்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. இருப்பு வைக்கும் செலவு, கிடங்கு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கும் விலையில் இடமுண்டுதான். ஆனாலும் 5,000 சதவீதத்துக்கு அவை விளக்கமாகா. மதிப்பீட்டாளர் பைசா பைசாவாகக் குறைத்த தொகையின் பயன், வேறு வழியில்லாமல் வாங்குபவரிடம் போய்ச் சேரவில்லை.

முழு செட்டாக விற்பது இதைவிட ஆழமான குறை என்பது என் எண்ணம். பாக எண்கள் குறைந்தால் கிடங்கும் பேக்கிங்கும் மிச்சமாகும். தாளில் அது சேமிப்பாகவே தெரியும். வண்டிக்காரர் காதுக்குப் பதில் விளக்கையே வாங்கும் செலவுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. காப்பீடும் இதை முழுதாக ஈடுகட்டாது. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரூ. 8,000 விளக்கு என்றால், அதிலேயே ரூ. 4,000 அவர் கையிலிருந்து போகும்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, வாகனங்களையும் விவசாயக் கருவிகளையும் தன் வரம்பில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கியது. உதவி எண்ணும் கையேடும் அதில் இருந்தால் போதாது. எந்தச் சிறு பாகம் தனியாகக் கிடைக்கும், அதன் விலை என்ன, முழு செட்டின் விலை என்ன என்று மூன்றையும் அருகருகே வெளியிடச் செய்ய வேண்டும். அதற்கான கணக்கைப் போடும் திறமை மதிப்பீட்டாளர்களிடம் இப்போதே இருக்கிறது.