பெட்டிக்குள் உறங்கும் உரைநடை

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது உமறுப் புலவரின் சீறாப்புராணம். அதனையடுத்துக் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என நம் புலவர்கள் தமிழுக்கு அளித்த புதிய வகைகள் வரிசையாக வந்து நிற்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1986 முதல் வெளியிட்ட இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளில் அறிஞர்கள் ம. மு. உவைசும் பீ. மு. அஜ்மல் கானும் இவற்றுக்குரிய இடத்தை நிலைநாட்டினர். அவ்வுழைப்புக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது.

ஆயினும், தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம், கீழக்கரை வரை நீளும் முத்துக்குளித்துறையின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பெற்ற உரைநடை ஒன்று உண்டு. அதனை எழுதியவர்கள் தம்மை எழுத்தாளர்கள் என்று எண்ணியதில்லை. படித்தவர்கள் அதனை இலக்கியம் என்று சொன்னதில்லை. அதுதான் கடுதாசி. அதற்கு இலக்கியத் தகுதி உண்டா? உண்டெனில் அதை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடுதாசி என்னும் சொல்லின் வரலாறே நம் கரையின் வரலாறு. பதினாறாம் நூற்றாண்டில் இக்கடலை ஆள முனைந்த போர்த்துக்கீசியர், தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைக் கைப்பற்றினர். அச்சீட்டுக்கு அவர்கள் மொழியில் ‘கர்தாஸ்’ என்று பெயர். அறிஞர்கள் அச்சொல்லை ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். நம் மரக்காயர்களை அடக்கப் பயன்பட்ட சீட்டின் பெயரே, பிற்காலத்தில் மனைவி கணவனுக்கு எழுதும் மடலின் பெயராயிற்று என்பது எண்ணி வியக்கத்தக்கது.

எழுதுதல் நமக்கு மார்க்கத்தோடும் இணைந்த செயல். சுலைமான் நபி (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு ஹுத்ஹுத் பறவையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அனுப்புநர் பெயர், பிஸ்மில்லாஹ், சொல்ல வந்த செய்தி என மூன்றே கூறுகளில் அது முடிந்துவிடுகிறது. திருமறையின் மிக நீண்ட வசனமோ, தவணைக் கடனைச் சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிப்பது. ஆகவே, ‘786’ என்று தலைப்பிட்டுக் கணக்கையும் கடிதத்தையும் தொடங்கிய நம் வணிகர்களுக்கு எழுத்து ஓர் அமானிதம். சரக்கின் விலையும் பிள்ளையின் காய்ச்சலும் ஒரே தாளில் அடுத்தடுத்து இடம்பெற்றதில் வியப்பில்லை. வாணிகமும் குடும்பமும் அவர்களுக்கு ஒரே பொறுப்பின் இரு பகுதிகளே.

இக்கரையின் ஆண்மக்கள் கொழும்பிலும் கல்கத்தாவிலும், பின்னர் ஹாங்காங்கிலும் இரத்தினக்கல் முதலிய வாணிகத்தில் ஈடுபட்டனர். காயல்பட்டினத்தில் மணமகன் மணமகள் வீட்டுக்கு வந்து வாழ்வதே மரபு. எனவே, கடிதம் சென்று சேர்ந்த இடம் பெரும்பாலும் பெண்களின் வீடாக இருந்தது. 1914 வரை சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் தபால், இரயிலில் தூத்துக்குடி வந்து நீராவிக் கப்பலேறியது. பாம்பன் பாலம் வந்தபின் அது தனுஷ்கோடி வழியாகச் சென்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழியும் அற்றது. கப்பலின் வரவை எதிர்பார்த்தே நம் வீடுகளில் நாட்கள் எண்ணப்பட்டன.

இனி, இக்கடிதங்களின் நடையை நோக்குவோம். இவற்றைக் குறைகூறுவோர் முதலில் சுட்டுவது வாய்பாட்டை. ஸலாம், நலம், நலமறிய அவா, மற்றவை மறுகடிதம் கண்டு என எல்லாக் கடிதமும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றனவே, இதில் இலக்கியம் எங்கே என்பர். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. வாய்பாட்டோடு தொடங்கி வாய்பாட்டோடு முடிந்துபோன கடிதங்களே மிகுதி. ஆனால் காப்பியத்துக்குக் கடவுள் வாழ்த்து எப்படியோ, கடிதத்துக்கு நலவுரை அப்படி. அதைத் தாண்டியபின் எழுதியவர் என்ன செய்தார் என்பதே திறனாய்வாளன் காண வேண்டியது.

1879 ஜூலை முதல் நாள் கால் அணா விலையில் அஞ்சலட்டை வந்தது. ஏழைக்கும் எட்டிய அவ்வட்டைக்கு மூடி கிடையாது. தபால்காரர் படிக்கலாம், பெற்றவருக்கு எழுத்தறிவு இல்லையெனில் தெருவிலுள்ள பள்ளிச் சிறுவன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஊரறியப் படிக்கப்படும் ஒன்றில் ஒருவருக்கு மட்டுமே விளங்கும்படி எழுதுவது எவ்வாறு? இந்த நெருக்கடியிலிருந்தே குறிப்புமொழி பிறந்தது. கணவன் பெயரைச் சொல்லாத மனைவி, மகன் பெயரைச் சொல்லி ‘அவன் வாப்பா’ என்பாள். ‘முற்றத்துக் கிணற்றில் நீர் வற்றிவிட்டது’ என்று எழுதினால், செலவுக்குப் பணம் வரவில்லை என்று அவன் அறிவான். ‘பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்றால், பார்த்துக்கொண்டிருப்பது யார் என்பதும் அவனுக்குத் தெரியும். சொல்லாமற் சொல்லுதலை உயர்ந்த கவிப்பண்பு என்று போற்றும் நாம், இதனை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

வணிகர்களிடமும் இதே கலை வேறு உருவில் இருந்தது. முத்து விலைபேசுவோர் துணிக்கடியில் கைகோத்து, விரல் தொட்டே தொகை சொல்வர். சுற்றி நிற்பவர் அறியார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதைக் குழூஉக்குறி என்று நன்னூல் உரையாசிரியர்கள் காட்டுவர். தந்தி நிலையங்களில் வாழ்த்துகளுக்கு எண்கள் இருந்தன. 2 என்றால் ஈத் முபாரக். 8 என்றால் நீடித்த இல்லற இன்பத்துக்கான வாழ்த்து. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றபோது அவ்வெண்களும் மௌனமாயின. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மனைவியின் குறிப்பு ஒருவனுக்கு மட்டுமே உரியது. தந்தியின் எண்ணோ யாருக்கும் பொருந்தும். நாம் தேடிய அளவுகோல் இதில்தான் உள்ளது. இன்னொருவருக்கு அனுப்பினால் பொருளிழந்துவிடும் கடிதம் எதுவோ, அதுவே நல்ல கடிதம்.

விளையாட்டாக எழுதுவதற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தமிழில் சீட்டுக்கவி என்றொரு பழைய வகையுண்டு. புலவன் புரவலனுக்குச் செய்யுளில் விடுக்கும் மடல் அது. தன் பெருமையை வானளாவப் பேசிவிட்டுப் பொருள் கேட்பதில் ஒரு குறும்பு இருக்கும். உமறுப் புலவர் துயிலும் அதே எட்டயபுரத்தின் அரசருக்கு, பாரதியார் 1919-இல் சீட்டுக்கவி விடுத்தார். வறுமையும் மிடுக்கும் ஒருசேர ஒலிக்கும் அம்மடலை வேறெந்த அரசருக்கும் திருப்பியனுப்ப இயலாது.

தூத்துக்குடிக்கே உரிய மற்றொரு சான்றும் உண்டு. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி., சிறை மீண்டு வறுமையுற்றிருந்த 1915-ஆம் ஆண்டில் காந்தியடிகளோடு கடிதத் தொடர்பு கொண்டார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தமக்கெனத் திரட்டிய 347 ரூபாய் 12 அணாவைப் பற்றியது அது. பணம் கேட்கும் கடிதம்தான். ஆயினும் ஒரு பெருமகனின் தன்மானமும் தேவையும் அதில் மோதிக்கொள்வதை நாம் காண்கிறோம். அவருடைய கடிதங்களைத் தேடித் தொகுத்து 1984-இல் ஆ. இரா. வேங்கடாசலபதி நூலாக்கியிராவிட்டால், வ.உ.சி. என்னும் மனிதரை நாம் இவ்வளவு நெருங்கி அறிந்திருக்க முடியாது.

அண்டை மலபாரையும் பாருங்கள். மாப்பிளா முஸ்லிம்கள் கடிதத்தையே ‘கத்துப் பாட்டு’ என்னும் இலக்கிய வகையாக்கிவிட்டனர். பெல்லாரிச் சிறையிலிருந்த கணவனுக்கு மனைவி எழுதுவதாகப் புலிக்கோட்டில் ஹைதர் பாடினார். 1970களில் வளைகுடாவுக்குச் சென்ற கணவனை நோக்கி எஸ். ஏ. ஜமீல் இயற்றிய துபாய்க் கத்து, கேரளமெங்கும் ஒலித்தது. அதே பிரிவும் அதே கடலும் நமக்கும் உண்டு. நம்முடையவை மட்டும் பெட்டியிலேயே தங்கிவிட்டன.

அப்பெட்டிகளில் பல, அரபுத் தமிழில் எழுதப்பெற்ற மடல்களைக் கொண்டவை. அரபியில் இல்லாத ட, ள, ண, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் ஆக்கிய எழுத்துமுறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்க நூல்களை இவ்வெழுத்தில் யாத்துப் பாமரர்க்கும் அறிவூட்டினார்கள். பள்ளிக்கூடம் செல்லாத பெண்கள், வீட்டில் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே தமிழை எழுதினார்கள். சிறுவனைத் தேடாமல், யாரிடமும் சொல்லி எழுதாமல், தம் கையால் தம் நெஞ்சைத் திறந்தார்கள். இன்று அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளுள் அதைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே.

இறைநாமம் உள்ள தாளைக் குப்பையில் எறிவதில்லை என்னும் நம் பேணுதலே அவற்றை இதுகாறும் காத்தது. அதே பேணுதல், இடநெருக்கடி வரும்போது அவற்றை மண்ணுக்கோ கடலுக்கோ ஒப்படைத்துவிடவும் செய்கிறது. படிக்கத் தெரியாத பேரன் மரியாதையோடுதான் புதைக்கிறான். ஆனால் அவன் புதைப்பது தன் பாட்டியின் குரலை.

பிறர் கடிதத்தை ஊரறிய வைப்பது முறையா என்று கேட்கலாம், நியாயமான கேள்வியே. வாரிசுகளின் சம்மதமின்றி ஒரு வரியும் வெளிவரலாகாது, பெயர்களை மறைக்கலாம், மறைவாக இருக்கவேண்டியதை விட்டுவிடலாம். ஆனால் பதிப்பிப்பது வேறு, படித்து வைப்பது வேறு. அரபுத் தமிழ் அறிந்த பெரியவர் ஒருவரை அருகிலமர்த்தி, அவர் வாசிக்க வாசிக்கத் தமிழெழுத்தில் பெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

இப்போது பெருநாள் காலையில் நம் கைபேசிகளில் பிறைபடம் தாங்கிய வாழ்த்துகள் நூறு வருகின்றன. அவற்றை நான் பழிக்கவில்லை. வாழ்த்து எவ்வழி வரினும் வாழ்த்தே. ஆயினும் அவற்றுள் நம் பெயரைத் தாங்கி வருபவை எத்தனை? வந்ததை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடும் அந்த நொடியில், தந்தியின் இரண்டாம் எண்ணை அன்றி வேறெதை நாம் அனுப்புகிறோம்?

வாசக அன்பர்களே, அடுத்த பெருநாளுக்குள் வீட்டுப் பரணில் உள்ள அந்தத் தகரப்பெட்டியை ஒருமுறை இறக்குங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதைத் திறந்துவிடுங்கள்.