கருவியுரையும் நூற்குற்றமும்

பவணந்தியார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் வேண்டிய அழகுகள் பத்தையும் பாயிரத்தில் எண்ணிவைத்தார். அவை பழைய நூல்களுக்கே உரிய அளவைகள் என்று கருதிப் புதுவகை உரைகளை அவற்றால் அளந்து பாராது விட்டோம். ஈண்டு அத்தகைய உரை ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். மின்னஞ்சலைத் தேடவும் படிக்கவும் அனுப்பவும் நீக்கவும் செயற்கை நுண்ணறிவு முகவருக்குத் தரப்படும் கருவிகளின் விளக்கமே அது. அதனைக் கருவியுரை என்போம்.

2024 நவம்பரில் ஆந்திரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோக்கால்’ என்னும் நெறிமுறையின்படி, ஒவ்வொரு கருவியும் ஒரு பெயரும், சில தொடர்களாலான விளக்கமும், உள்ளீட்டின் அமைப்பும் உடையதாய் முகவர்முன் வைக்கப்படுகிறது. எக்கருவியை எப்பொழுது எடுப்பது என்பதை முகவர் பெரும்பாலும் இவற்றைக் கொண்டே முடிவு செய்கிறது. ஐயம் தோன்றின் ஆசிரியரை அணுகிக் கேட்கும் மாணவனது நிலை அதற்கு இல்லை. ஆகலின், உரையில் விடுபட்டது செயலிலும் விடுபடும்.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைக் கொண்டு இதனை ஆராய்வோம். அங்கு ஏற்றுமதி நிறுவனத்து மெர்ச்சன்டைசரின் நாளிற் பெரும்பகுதி அயல்நாட்டு பையருடன் நடக்கும் மின்னஞ்சலிலேயே கழிகிறது. சாயத்தின் சிறு மாதிரியாகிய லேப் டிப் பெரும்பாலும் ஏ, பி, சி என மூன்றாக அனுப்பப்படும். ‘பி அப்ரூவ்ட், பல்க் செய்க’ என்று விடை வருகிறது எனக் கொள்வோம். ஈண்டுப் பல்க் என்பது பருமனைக் குறியாது. ஆர்டர் முழுமைக்கும் உரிய உற்பத்தியைக் குறிக்கும். இரண்டு நாள் கழித்து அதே கடிதத்தொடரில், ‘பியை நிறுத்துக, சற்று வெளிறிய நிறம் வேண்டும்’ என மற்றொரு கடிதம் வருகிறது. ‘அப்ரூவ்ட்’ என்னும் சொல்லை வைத்துத் தேடும் முகவருக்கு முதற்கடிதமே அகப்படும். பின்னதில் அச்சொல் இல்லை. முகவர் சொல்லை நம்பிச் சாயப்பட்டறைக்குத் துணி போய்விட்டால், ஏறிய சாயத்தை இளநிறத்துக்கு மீட்பது எளிதன்று. ‘மின்னஞ்சலைத் தேடும்’ என்று மட்டும் கூறி நின்ற கருவியுரை குன்றக் கூறல் என்னும் குற்றத்தின்பாற் படும். ‘அகப்பட்ட கடிதத்தோடு அமையாது, அதன் தொடர் முழுவதையும் இறுதிக் கடிதம் ஈறாகப் படிக்க’ என்னும் ஒரு தொடர் அக்குறையை நீக்கியிருக்கும்.

ஜிமெயிலின் நிரலிடைமுகத்தில், கடிதங்களைப் பட்டியலிடும் முறை வேறு குறிப்பு இல்லாவிடின் ஒரு வேளைக்கு 100 கடிதங்களையே தரும். உச்ச அளவு 500. எரிதமும் குப்பைப் பெட்டியும் தாமே தேடலில் அடங்கா. இவ்வரையறைகளை மூலவுரை கூறியுள்ளது. அதன்மேற் கருவி அமைத்து வழியுரை எழுதுவோர் இவற்றை விட்டுவிடின், கிடைக்காத கடிதத்தை வாராத கடிதம் என்று முகவர் துணியும். அம்மூலவுரையின் நீக்கற்பகுதி பாராட்டத்தக்கது. நீக்கியது மீளாது என்று எச்சரித்து, குப்பைக்கு மாற்றும் முறையையே மேற்கொள்ளுமாறு உடன் சொல்கிறது. விலக்கும் விதியும் ஒருங்கே நின்றமையின் அது விளங்க வைத்தல் ஆயிற்று.

விளக்கம் நீளின் முகவரின் நினைவிடம் நிரம்பும், ஆதலின் சுருங்கச் சொல்லலே தலையாய அழகு என்பார் உளர். அக்கவலை பொய்யன்று. எனினும் சுருக்கம் என்பது வேண்டாததை ஒழித்தலேயன்றி வேண்டுவதை ஒழித்தல் அன்று. ‘இது பயன்மிக்க, எளிய கருவி’ எனத் தொடங்கும் விளம்பரத் தொடரை நீக்கினாலே எல்லைகளைக் கூற இடம் கிடைத்துவிடும். கருவியுரைகளில் வெற்றெனத் தொடுத்தல் மிகுவது இவ்விடத்தேதான்.

நன்னூல் கூறும் 32 உத்திகளுள் பிறன்கோட் கூறல் என்பது ஒன்று. பிறர் கொள்கையை எடுத்துரைப்பவன் அதனைத் தன் கொள்கையாகக் கூறுவதில்லை. முகவர் இவ்வேறுபாட்டை இழக்கக்கூடும். வந்த கடிதத்தின் உள்ளே எழுதப்பட்ட ஏவலைத் தனக்கு இட்ட ஏவலாகக் கொள்ளும். 2025 ஜூனில் வெளிப்பட்ட எக்கோலீக் என்னும் பிழை, மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டில், வெளியார் அனுப்பிய ஒரு மின்னஞ்சலே உள்ளிருக்கும் செய்திகளைக் கசியச் செய்ய இயலும் எனக் காட்டியது. வெளிப்படுமுன்னரே அது சரிசெய்யப்பட்டிருந்தது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என நூல் வணிகர் பெயரில் ஒரு பொய்க்கடிதம் பனியன் கம்பெனிக்கு வருமாயின், அது கடிதத்தின் கூற்றேயன்றி முதலாளியின் கட்டளை அன்று என்பதைப் படிக்கும் கருவியின் உரை உணர்த்தல் வேண்டும்.

உரை செவ்விதாயினும் செயல் அதனோடு மாறுபடலாம். 2025 செப்டம்பரில் ‘போஸ்ட்மார்க்-எம்சிபி’ என்னும் மின்னஞ்சற் கருவி அகப்பட்டது. பல பதிப்புகள் குற்றமின்றி வெளிவந்தபின், 1.0.16 ஆம் பதிப்பில் சேர்த்த ஒரு வரி, அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றின் படியையும் மறைவாக வெளியார் ஒருவருக்கு அனுப்பிவந்தது. போஸ்ட்மார்க் நிறுவனம் அதனைத் தான் வெளியிடவில்லை என மறுத்தது. அழிக்கும் கருவி, படிக்கமட்டும் உரிய கருவி என்று அடையாளமிடும் குறிப்புகளை நெறிமுறையே வகுத்திருந்தும், நம்பத்தக்க இடத்திலிருந்து வாராத குறிப்பை நம்பலாகாது என்றும் அதுவே விதித்தது இதனாற்போலும்.

இனி அனுமதியை நோக்குவோம். ஜிமெயிலில் திருத்தும் அனுமதி மட்டும் பெற்ற கருவி கடிதத்தைக் குப்பைக்கு மாற்றலாம்; அடியோடு அழித்தல் அதற்கு இயலாது. அங்கு உரை பொய்ப்பினும் அனுமதி காக்கும். வரைவு எழுதும் அனுமதியோ, அனுப்பும் உரிமையையும் உடன் தருகிறது. ‘இக்கருவி வரைவு மட்டுமே எழுதும்’ என்னும் தொடருக்கு அங்குக் கருவி செய்தவனின் சொல்லன்றி வேறு காவல் இல்லை.