நொக்ஸ் கண்ட கண்டித் தோட்டம்

1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை பற்றிய நூல், இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியை அறிவதற்குரிய சான்றாகவே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. அரசனின் கொடுமை, இராசகாரியம், சாதி அமைப்பு முதலியவற்றைத் தேடுவோர் அதனைப் புரட்டுவர். மரங்களையும் கனிகளையும் பற்றிய பகுதிகளை விரைவாகக் கடந்து சென்றுவிடுவர். எனினும் இலக்கியமென்ற வகையில் நோக்குமிடத்து, நூலின் உயிர்ப்பு மிக்க பகுதிகள் அவையே எனலாம். 1660 இல் கொட்டியாரத்திற் பிடிபட்டு, 1679 இல் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடையும் வரை கண்டி நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தவர் நொக்ஸ். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி பெற்றும் பிழைத்தவர். எது உண்ணத்தக்கது, எது எப்போது கிடைக்கும் என்பன அவருக்கு ஆராய்ச்சிப் பொருள்களாக இருக்கவில்லை. அன்றாடத் தேவைகளாக இருந்தன.

கித்துள் மரத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாளையை நாள்தோறும் சீவுவதையும், உப்பு, மிளகு, தேசிக்காய், உள்ளி முதலியன சேர்ந்த கலவையை அதில் இடுவதையும், நாளுக்கு இருமுறையும் நல்ல மரமாயின் மும்முறையும் நீர் இறக்குவதையும் அவர் அருகிருந்து பார்த்தவராகவே விவரிக்கிறார். சாதாரண மரமொன்று நாளுக்கு மூன்று நான்கு கலன் தரும் என்கிறார். அந்நீர் நாவுக்கு இனியது, உடலுக்கு நல்லது, ஆயினும் தண்ணீரினும் வலியதன்று என்கிறார். அளவிடும் வணிகனும் சுவைக்கும் மனிதனும் ஒரே பத்தியிற் கலந்து நிற்கின்றனர். அவர் புகழ்வது புளியாத நீரை. அதே நீரை ஒரு நாள் வாளா விட்டால் காற்றிலும் பாளையிலுமுள்ள நொதியங்கள் அதனைக் கள்ளாக்கிவிடும். அடுப்பேற்றிக் காய்ச்சினாற் பாணியாகும், மேலும் இறுகினாற் கருப்பட்டியாகும். ஒரு வீட்டின் பின்புறத்தில் நிற்கும் ஒரே மரம் குழந்தைக்கு இனிப்பையும் பெரியவர்க்குக் கள்ளையும் அளித்த வாழ்க்கைமுறை அது.

பலாவைப் பற்றிய குறிப்பு இன்னும் நுட்பமானது. பிஞ்சுக்குப் பொலொஸ், முற்றிய காய்க்குக் கொஸ், பழுத்ததற்கு வரக்கா அல்லது வெல எனச் சிங்களப் பெயர்களை நொக்ஸ் முறையே தருகிறார். தமிழில் பலாப்பிஞ்சு, பலாக்காய், பலாப்பழம் என ஒரே சொல்லை அடையாகக் கொண்டு கூறுகிறோம். சிங்களத்திலோ ஒவ்வொரு பருவத்துக்கும் தனிச்சொல் உண்டு. காரணம் அடுக்களையில் உள்ளது. பொலொஸ் கறியும் கொஸ் கறியும் வெவ்வேறு உணவுகள். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. நொக்ஸ் இன்னொரு வேறுபாட்டையும் குறிக்கிறார். வரக்கா, வெல என்பன பழத்தின் பருவத்தை மட்டுமன்றி வகையையும் சுட்டுவன: சுளை இறுகியது ஒன்று, குழைந்தது மற்றொன்று. வருக்கை, கூழன் என்று தமிழர் பிரித்தறிவதும் இதனையே.  உண்டு அறிந்தவனின் நுட்பமே அது.

இவ்வளவு சுவை உணர்ந்தவர், கண்டி மக்கள் பழமரங்களை ஊக்கத்தோடு நடுவதில்லை என்றும் எழுதுகிறார். அதற்கு அவர் தரும் விளக்கமே நூலின் மிகக் கூரிய பகுதி. நல்ல கனி தரும் மரத்தைக் கண்டால் அதிகாரிகள் அரசன் பெயரால் அடிமரத்திற் கயிறொன்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போடுவர். மூன்று முடிச்சு என்றதும் தமிழர்க்கு மணவறையே நினைவுக்கு வரும். இங்கு அது பறிமுதலின் அடையாளம். அதன்பின் மரத்துக்குரியவனும் அதனைத் தொட இயலாது. கனிந்ததும் வெள்ளைத் துணியிற் சுற்றி மேலிடத்துக்கு அனுப்பப்படும். உரியவனுக்கு விலை இல்லை. தானே சுமந்து செல்லும்படி ஏவப்படாவிட்டால் அவன் பேறு.

மக்கள் சோம்பலுடையோர் என்றும் நொக்ஸ் கூறுவதுண்டு. ஆனால் பொருள் பெருகப் பெருக வரியும் பெருகும் ஆதலால் தேவைக்கு மேல் உழைத்து ஆவதென்ன என்ற மக்களின் கேள்வியையும் அவரே பதிவு செய்கிறார். குற்றச்சாட்டும் அதற்கான மறுப்பும் ஒரே நூலில் உள்ளன. பின்வந்த ஆங்கிலத் தோட்டத்துரைமார் குற்றச்சாட்டை மட்டும் பற்றிக்கொண்டனர்; கயிற்றை மறந்தனர். மலாய், யாவா, பிலிப்பைன்ஸ் மக்கள் மீது இதே பழி எவ்வாறு சுமத்தப்பட்டதென்பதை 1977 இல் சையது உசேன் அலத்தாஸ் விரிவாக ஆராய்ந்தார். நொக்ஸை அவ்வாராய்ச்சியோடு சேர்த்துப் படித்தல் பயன் தரும்.

கண்டி விவசாயி கோப்பிக் காட்டிற் கூலிக்கு வர மறுத்ததைச் சோம்பல் என்பது எவ்வளவு தவறானது! அவனுக்கு வயலும் இருந்தது. பலா, கித்துள், கமுகு, தென்னை, வாழை, மரத்திற் படர்ந்த மிளகு ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்ற வீட்டுத் தோட்டமும் இருந்தது. மறுக்கும் உரிமையை அவனுக்கு அளித்தது அத்தோட்டமே. அவ்விடத்தை நிரப்பத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோர்க்கு அத்தகைய தோட்டம் எதுவும் இருக்கவில்லை. 1867 இல் லூல்கந்துரையிற் யேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னரும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஆயினும் அவர்கள் வாழ்ந்த இடத்துக்குத் தமிழில் வழங்கிய பெயர் தோட்டம் என்பதே. சிங்களத்தில் வத்த என்னும் சொல்லும் இவ்வாறே இரண்டையும் குறிக்கும். ஒரு தோட்டத்தில் நட்டவன் உண்கிறான்; மற்றதிற் பறித்தவள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறாள். லயத்தின் ஓரத்தில் அவரையும் பூசணியும் கீரையும் நட்ட கைப்பிடி நிலமும் தோட்ட நிருவாகத்துக்கே உரியது. முடிச்சு கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் இருந்தது.

1964 இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் நாவல் 'தூரத்துப் பச்சை' எனப் பெயர் பெற்றமை இந்நிலையிற் பொருள் பொதிந்தது. கண்ணுக்குப் பசுமை, கைக்கு எட்டினால் வேறு. மலையக எழுத்திற் பசியும் உழைப்பும் மிகுதியாகப் பேசப்பட்ட அளவுக்கு, லயத்தோரக் கீரைப் பாத்தியில் ஒருத்தி கொண்ட மகிழ்ச்சி பேசப்பட்டதில்லை என்பதை விமரிசகர் குறையாகவே கொள்ளலாம். மகிழ்ச்சியைச் சொன்னாற் கொடுமை மறையும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகலாம். நொக்ஸ் அவ்வாறு அஞ்சவில்லை. கித்துள் நீரின் இனிமையைச் சொன்ன கையே கயிற்றையும் எழுதியது.

கள்ளின் மீது விழுந்த முடிச்சும் நீங்கிவிடவில்லை. 1912 ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளிறக்குதலை அநுமதிப் பத்திரத்துக்கு உட்படுத்தியது.

நொக்ஸ் பின்னாளில் உடுநுவரைப் பக்கத்து எலதத்தையில் இருபத்தைந்து இலாரிக்கு நிலம் வாங்கி, வீடு கட்டி, ஆடும் கோழியும் வளர்த்தார். அங்கு அவர் நன்றாகவே உண்டார். தப்பிச் சென்ற பின் எழுதிய கடிதத்தில் அந்நிலத்தைத் தாம் வளர்த்த லூசியா என்ற சிறுமிக்கு உரிமையாக்கினார். ஆங்கிலேயக் கைதி ஒருவருக்கும் சிங்களப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவள் அவள்.